பழைய அவுட்போர்டு எஞ்சினில் வயரிங் கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீரோடி, தூத்தூர், தேங்காப்பட்டணம், குளச்சல் என்று நீளும் கடற்கரையில், வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிக் கைமாற்றிய அவுட்போர்டு எஞ்சினை (வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) நம்பிக் கடலுக்குப் போகும் ஃபைபர் வள்ளங்கள் ஏராளம். எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் வாங்கி வந்த எஞ்சின்களும் அவற்றில் உண்டு. அப்படி வந்த எஞ்சின் ஒருநாள் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பிடிக்காமல் போனால், உடனே, பிளக்குக்குப் பொறி வரச் செய்யும் மின்னணுப் பெட்டியான சிடிஐயின் மேல் பழியைப் போட்டுப் புதியது வாங்கிவிடுகிறார்கள். மொத்த மின்சுற்றிலும் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. என் கணிப்பில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியதும் அதுவே. உப்புக் காற்றில் கிடந்த எஞ்சினில் முதலில் கெடுவது வயர் இணைப்பு, எர்த் (மின்சுற்றை எஞ்சின் உடலோடு சேர்க்கும் இணைப்பு), நிறுத்தும் சுவிட்ச் ஆகிய மூன்றும்தான். காசு செலவில்லாமல் சோதிக்கக் கூடியவையும் இவையே.

கயிறு இழுத்து இயக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தீப்பொறி உண்டாக்க பேட்டரி தேவையில்லை. ஃப்ளைவீலின் உட்புறத்தில் உள்ள காந்தங்கள் சார்ஜ் காயிலைக் கடந்து சுழலும்போது மின்சாரம் உற்பத்தியாகி சிடிஐக்குள் உள்ள கெபாசிட்டரில் சேர்கிறது; பல்சர் காயில் தரும் குறிப்பின்படி சிடிஐ அதை இக்னிஷன் காயிலுக்குத் திறந்துவிட, அங்கே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதோ ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்று வரும்போதோ இந்த மின்சாரம் எர்த்துக்குத் திருப்பிவிடப்படுவதால் எஞ்சின் நிற்கிறது. ஆகவே, நிறுத்தும் வயர் எங்கேயாவது உரசி, உறை பிய்ந்து, இரும்பையோ அலுமினியத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால், ஒருவர் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பதற்கு ஒப்பான நிலை அது.

சோதனையைத் தொடங்கும்முன் பாதுகாப்புக் கிளிப் அதன் இடத்தில் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றி, தொப்பியோடு சேர்த்து அவற்றின் உலோக உடல் எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பெட்ரோல் ஆவி வெளிவரும் பிளக் துளையிலிருந்து பொறி தள்ளியிருக்க வேண்டும். எர்த் தொடாமல் தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் காயிலும் சிடிஐயும் பழுதாகக்கூடும். நல்ல சிடிஐ சோதனையின்போதே சாவது பெரும்பாலும் இதனால்தான். நீல நிறத்தில் சத்தத்தோடு பொறி வந்தால் மின்சுற்றை விட்டுவிட்டு எரிபொருளைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை, கடைசி சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டாமல் அப்படியே நிறுத்தியிருந்தால், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது.

பொறியே வராவிட்டால், நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் வயரை அதன் இணைப்பில் கழற்றி, முனை எதையும் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் இழுத்துப் பாருங்கள். யமஹா எஞ்சின்களில் பொதுவாக இந்த வயர் வெள்ளை, எர்த் வயர் கருப்பு. இருந்தாலும் கைமாறிய எஞ்சினில் நிறத்தை நம்பக் கூடாது. கையில் கிடைத்த வயரை வைத்து யாரோ எப்போதோ ஒட்டுப் போட்டிருப்பார்கள் என்பதால், முனையிலிருந்து முனைவரை விரலால் பிடித்துப் பின்தொடர்ந்து உறுதி செய்வதே சரி. வயரைக் கழற்றியதும் பொறி வந்துவிட்டால் சிடிஐ நலமாக இருக்கிறது, கோளாறு சுவிட்சிலோ அதற்குப் போகும் வயரிலோதான். இந்த நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் பொத்தானால் நிறுத்த முடியாது என்பதால், சோக்கை முழுதாக இழுத்து நிறுத்துங்கள். சோதனைக்காகக் கழற்றிய வயரை மாட்டாமல் கடலுக்குப் போகவே கூடாது. முகத்துவாரத்து அலையில் ஓட்டுபவர் தூக்கி வீசப்பட்டால், சுழலும் புரொப்பெல்லரிலிருந்து அவரைக் காப்பது அந்த ஒற்றை வயர்தான்.

வயரைப் பார்க்கும் விதத்துக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். வெளி உறை புதிது போல் இருக்கும். இணைப்பு முனையிலிருந்து அரை அங்குலத்துக்கு உறையைச் சீவிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் கறுத்து, இடையிடையே பச்சைப் பொடி பூத்து, நகத்தால் தொட்டாலே உதிரும். முனையில் புகுந்த உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஊறி உள்ளே ஏறியிருக்கும். அப்படிப்பட்ட வயரைச் சுரண்டிப் பயனில்லை. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எறிய வேண்டும், முழுவதும் கறுத்திருந்தால் வயரையே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வெள்ளீயம் பூசிய படகு வயர் கிடைத்தால் அதுவே நல்லது. இழைகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஈயப்பற்று மட்டும் வைத்த இணைப்பும் எஞ்சின் அதிர்வில் பற்று முடியும் இடத்தில் ஒடிந்துபோகும். முனையைக் கிரிம்ப் செய்து (உலோக முனைக்குள் வயரை வைத்து இடுக்கியால் நசுக்கிப் பிடித்து), உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மேலே போட்டுச் சூடாக்கினால் தண்ணீர் புகாது. எர்த் வயர் திருகப்படும் இடத்தில் பெயின்ட்டையும் வெள்ளைப் பொடியையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, இறுக்கி முடித்த பிறகு கிரீஸ் பூசுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொறி இல்லையென்றால் காயில்களை அளக்கலாம். இணைப்புகளைப் பிரித்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் ஓம் அளவை எடுத்து, அந்த மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இன்னொரு மாடலின் அளவு உதவாது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றில் மட்டும் பொறி இல்லாவிட்டால், தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள மாடல்களில் அவற்றை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடிச் சூடானதும் நின்று, ஆறியபின் மறுபடியும் ஓடுகிற எஞ்சினில் பல்சர் காயிலையோ சிடிஐயையோ சந்தேகிக்கலாம். ஆனால் அந்தச் சோதனையை எஞ்சின் நின்ற உடனே, சூடு ஆறும்முன் செய்ய வேண்டும். சிடிஐயை ஓம் அளந்து தீர்மானிக்க முடியாது. எல்லாம் நல்லது என்று உறுதியான பிறகு, நன்றாக வேலை செய்யும் இன்னொரு சிடிஐயை இரவலாக மாட்டிப் பார்த்து, அப்புறம் வாங்குங்கள்.

விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் எஞ்சினிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். லைட்டிங் காயில் தருவது மாறுமின்சாரம். வேகத்துக்கேற்ப அதன் வோல்ட்டும் ஏறி இறங்கும். அதை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகப் பேட்டரிக்குக் கொடுத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டுத்தான் கருவிகளுக்கு எடுக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஓடும்போது பேட்டரியைக் கழற்றினாலும், முனைகளை மாற்றி மாட்டினாலும் ரெக்டிஃபையர் எரிந்துபோகும். ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது, தீப்பிடிக்கும் இடத்தை மட்டும் மாற்றி வைப்பதாகும்.

மின்சுற்றைச் சரிசெய்த கையோடு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கடலிலிருந்து வந்தவுடன் எஞ்சினின் கீழ்ப்பகுதி மூழ்கும் அளவு நன்னீர் நிரப்பிய டிரம்மில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் உள்ளே உப்பு படியாது. தண்ணீரில்லாமல் சில விநாடிகள் ஓட்டினாலும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்து கருகும். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் அந்தத் துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். அடைப்பில்லை என்றால் இம்பெல்லரை மாற்றுங்கள். எப்படியும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது. இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் டிசி-டபிள்யூ3 (TC-W3) தரமாக இருக்க வேண்டும். பெட்ரோலில் 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் கையேடு சொல்லும் அளவையே பின்பற்றுங்கள்.

கியர் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ மாற்ற வேண்டும். வடியும் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் பகுதியில் அதற்கு முக்கியக் காரணம் வலை நரம்பு: புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிய நரம்பு உருகி இறுகி ஆயில் சீலை அறுத்துவிடும். அதனால் புரொப்பெல்லரை அவ்வப்போது கழற்றி, நரம்பை வெட்டியெடுத்து, தண்டில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் காற்றுக் குமிழி இல்லாமல் வழியும் வரை ஏற்ற வேண்டும். பிறகு மேல் திருகை முதலில் மூடிவிட்டுக் கீழ்த் திருகை மூடுங்கள். எஞ்சின் உலோகம் அரிக்கப்படாமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது இருந்தும் இல்லாததுதான்.

வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் மூழ்கிவிட்டால், கரைக்கு எடுத்ததும் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்குகளைக் கழற்றிக் கயிற்றை மெதுவாக இழுத்துச் சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றுங்கள். கயிறு இழுபடாவிட்டாலோ உள்ளே மணல் உராய்வதாகத் தெரிந்தாலோ பலம் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். தடையில்லாமல் சுழன்றால் பிளக் துளை வழியாக இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் விட்டுச் சுழற்றி, வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நன்னீரில் அலசி உலர்த்தி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் புது எரிபொருள் ஊற்றி அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று விட்டால் பேரிங்குகளில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஓட்ட வழியில்லை என்றால், மெக்கானிக் வரும்வரை அதை நன்னீர்த் தொட்டியில் முழுதாக மூழ்க வைத்திருப்பது, கரையில் காற்றுப்படக் காயவிடுவதைவிட எவ்வளவோ மேல்.