விலை உயர்ந்த ராட்செட் தேவையா?

ராட்செட் என்பது, போல்ட்டிலிருந்து எடுக்காமலே கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கருவி. அதை வாங்கும்போது முதலில் உள்ளே இருக்கும் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம். 36 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 10 பாகை திருப்ப வேண்டும். 72 பல்லுக்கு 5 பாகை போதும். மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே கை நுழையாத சந்தில் அந்த வித்தியாசம் புரியும். ஆனால் இப்போது மலிவு ரகத்திலேயே 72 பல் கிடைக்கிறது. அதற்காக மட்டும் நூறு வெள்ளி கொடுப்பது வீண்.

கூடுதல் பணம் உள்ளே பற்களைப் பிடிக்கும் கொக்கியின் எஃகுக்கும் உத்தரவாதத்துக்கும்தான். என்னுடைய 15 வெள்ளி ராட்செட், துருவேறிய போல்ட் ஒன்றில் பல் நழுவி, என் விரல் முட்டியை உரித்துவிட்டது. பாதிக் குற்றம் என்னுடையதே: இறுகிய போல்ட்டை நீளக் கைப்பிடிக் கம்பியால் தளர்த்திய பிறகே ராட்செட்டை எடுக்க வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாக்கெட் (போல்ட் தலையில் பொருந்தும் குழல்) மாட்டும் முனையை இரு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்புங்கள். விரலையும் சேர்த்து இழுக்கிறதா? வைத்துவிடுங்கள். தளர்ந்த நட்டும் அப்படித்தான் கூடவே முன்னும் பின்னும் ஆடும்.

பட்டறையில் தினமும் உழைப்பவர் சாக்கெட் மாட்டும் முனை 3/8 அங்குலம் உள்ள ராட்செட் ஒன்றை மட்டும் உயர்ந்த ரகத்தில் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைப் பிரிக்கும் நமக்கு நடுத்தர விலையே தாராளம். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் எந்த விலைக்கும் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.