குசினி யாருடையது? ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எடுக்க முன்

வேலைக்கும் வரிக்கும் கேட்கும் சின் நம்பர், வங்கிக் கணக்கு, ஓஹிப் மருத்துவ அட்டை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தட்டும் பிரெஸ்டோ அட்டை. இந்த நான்கையும் கனடாவில் வந்திறங்கிய முதல் கிழமையிலேயே முடிக்கலாம், கூட ஓராள் வரத் தேவையில்லை. ஓஹிப்புக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2020 மார்ச்சில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஊரில் வாகனம் ஓட்டியவர்கள் புறப்பட முன்பே லைசன்ஸ் தந்த அலுவலகத்திடம் எத்தனை வருட அனுபவம் என்று கடிதம் வாங்கிவிடுங்கள். ஊர் லைசன்ஸோடு ஒன்ராறியோவில் 60 நாள்தான் ஓடலாம். கடிதம் இல்லாவிட்டால் பத்து வருடம் ஓட்டியவரும் புதியவரைப் போல வரிசையில் நிற்கவேண்டி வரும்.

இனி வீடு. இங்கேதான் நம்மவர்கள் மாட்டுப்படுகிறார்கள், அதுவும் நம்மவர்களிடமே.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது தமிழ்க் கடையைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் எங்கே இருந்தாலும் முருங்கையிலை கிடைக்கும். பார்க்கவேண்டியது பஸ். ஸ்காபரோவின் நடுவால் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 யூலை 24 தடம்புரண்டது, அதற்குப் பிறகு ஓடவேயில்லை. அதற்குப் பதிலாக, சப்வே தொடங்கும் கென்னடி நிலையம் வரை பஸ்தான் ஓடுகிறது. புதிய சப்வே பாதை இன்னும் கட்டி முடியவில்லை. ஆகவே 'ஸ்டேஷன் நடைதூரம்' என்ற விளம்பரத்தைக் கண்டால் எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். ரொறன்ரோ நடுநகரில் வேலை என்றால் அஜின்கோர்ட், மிலிக்கன், கில்ட்வூட், ரூஜ் ஹில் போன்ற கோ என்னும் புறநகர் ரயில் நிலையங்களுக்குக் கிட்டப் பாருங்கள். கென்னடி வரை பஸ்ஸில் தொங்குவதைவிட அது நல்லது.

'ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் இரண்டு முறை காசு' என்ற அறிவுரையும் காலாவதியாகிவிட்டது. 2024 பெப்ரவரி 26 முதல் ரொறன்ரோ பஸ்ஸையும் சப்வேயையும் நடத்தும் ரிரிசிக்கும் யோர்க், டர்ஹம் பஸ்களுக்கும் கோ ரயிலுக்கும் இடையில் மாறி ஏறினால், குறித்த நேரத்துக்குள் அதே அட்டையைத் தட்டும்வரை, இரட்டைக் கட்டணம் இல்லை. தொழிற்சாலை ஷிஃப்ட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஞாயிறு சப்வே மற்ற நாள்களைவிடப் பிந்தித்தான் தொடங்கும். ஏழு மணி வேலைக்கு அதை நம்பினால் முதல் ஞாயிறே வேலைக்குப் பிந்திவிடும். கார் வாங்கும் எண்ணம் இருந்தால் பார்த்துவைத்த வீட்டின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து இன்சூரன்ஸ் எவ்வளவு என்று முதலே கேளுங்கள். தெரு மாறினாலே தொகை மாறும்.

இப்போது குசினிக்கு வருவோம்.

ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவரைக் காப்பது 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் அதன் 5ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் இருக்கும் கட்டடத்திலேயே சொந்தக்காரரும் இருந்து, குசினியையோ குளியலறையையோ அவரோடு பகிர்ந்துதான் ஆகவேண்டும் என்றால், இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. சொந்தக்காரரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, தாய் தகப்பன், துணையின் தாய் தகப்பன், துணையின் பிள்ளை இவர்களோடு பகிர்ந்தாலும் அப்படித்தான். பட்டியலில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இல்லை. சலவை இயந்திரத்தைப் பகிர்வதும் கணக்கில் வராது. இன்னொரு வாடகைக்காரரோடு குசினியைப் பகிர்ந்தாலும் சட்டம் உங்களைக் காக்கும்.

நடப்பில் இது எப்படி வரும்? பேஸ்மென்டில் ஒரு அறை, ஒரு மைக்ரோவேவ், ஒற்றை அடுப்பு. 'சமைக்கிறதெண்டால் மேலை வாங்கோ, நாங்கள் வேற ஆக்களே' என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்போடு உங்கள் பாதுகாப்பும் போய்விடுகிறது. இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. பேஸ்மென்டில் முழுக் குசினி இருக்கும். ஆனால் மேல்வீட்டு அம்மா மீன் பொரிக்கவும் பலகாரம் சுடவும் கீழேதான் வருவார், மேலே மணக்கக்கூடாது என்பதற்காக. பார்க்கப் போகும்போது அடுப்புக்குப் பக்கத்துத் தட்டைத் திறந்து பாருங்கள். பெரிய தாச்சியும் அரைப் போத்தல் பொரித்த எண்ணெயும் இருந்தால் அது உங்களுடைய குசினி இல்லை. 'இந்தக் குசினியை வேறு யாரும் பாவிப்பார்களா' என்று வாயால் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள்.

சட்டம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் வீட்டை விட்டு எழும்பச் சொல்லும்போது தெரியும். தனிக் குசினி உள்ள பேஸ்மென்ட் என்றால், 'மகன் கலியாணம் முடிச்சு வாறான்' என்று சொன்னால் போதாது. என்-12 என்ற படிவத்தில் 60 நாள் அறிவித்தல் தரவேண்டும், ஒரு மாத வாடகையை இழப்பீடாகவும் தரவேண்டும். லீஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை எழுப்பமுடியாது. நீங்கள் மறுத்தால் அவர்தான் எல்டிபி என்னும் வாடகைத் தகராறுச் சபைக்குப் போய் உத்தரவு எடுக்கவேண்டும். தானாகப் பூட்டை மாற்றமுடியாது. குசினியைப் பகிர்ந்தவருக்கு இவை ஒன்றும் இல்லை. எல்டிபி அவரது முறைப்பாட்டை எடுக்காது. 'ரெண்டு கிழமையிலை எழும்புங்கோ' என்றால் சிறு வழக்கு நீதிமன்றம்தான், அதுவும் கையில் ஏதாவது கடதாசி இருந்தால்.

அப்படியான அறையே எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. தனியாக வரும் மாணவருக்கு முதல் இரண்டு மாதம் அது வசதி. அறிவித்தல் எத்தனை நாள், முற்பணம் எப்போது திரும்பும், எந்த நேரம் சமைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். குடும்பத்தோடு, பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு வருபவர்கள் மட்டும் எடுக்காதீர்கள். பள்ளியில் சேர்க்க விலாசம் காட்டும் கடதாசி கேட்பார்கள். வாடகை வருமானத்தை வரியில் காட்டாத சொந்தக்காரர் அந்தக் கடதாசியைத் தரமாட்டார். 'காசாகத் தாங்கோ, நூறு டொலர் குறைக்கிறன்' என்ற பேச்சும் அதே காரணத்தால்தான். நூறு டொலர் மிச்சம் என்று தெரியும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு வரி தாக்கல் செய்யும்போது கிடைக்கும் ட்ரிலியம் உதவித்தொகைக்கு, கட்டிய வாடகையைக் காட்டவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் அதைக் காட்ட என்ன செய்வீர்கள்?

சட்டம் பொருந்தும் வீட்டில் சொந்தக்காரர் வாடகைக்காரருக்குக் கேட்டபோதெல்லாம் இலவசமாகப் பற்றுச்சீட்டு தரவேண்டும். காசை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள்.

முற்பணத்தில் சென்னைக்காரர்களுக்கு இன்ப அதிர்ச்சி. பத்து மாத அட்வான்ஸ் இங்கே இல்லை. முதல் மாத வாடகை, அதோடு கடைசி மாதத்துக்கான ஒரு மாத வாடகை, இவ்வளவுதான் கேட்கலாம். 'டமேஜ் டிபாசிட்' என்று ஒரு டொலர் கேட்பதும் சட்டவிரோதம். திறப்புக்கு முற்பணம் வாங்கலாம், ஆனால் திறப்பு செய்யும் செலவுக்கு மேல் கூடாது, திருப்பித் தரவும் வேண்டும். பன்னிரண்டு பின்திகதிக் காசோலை கட்டாயம் என்றும் சொல்லமுடியாது. கடைசி மாத வைப்புக்கு ஒவ்வொரு வருடமும் வட்டி உண்டு, வாடகை உயர்வுக்கு அரசு வைக்கும் வீதமே அதற்கும். 2026க்கு அது 2.1 வீதம். வாடகை 1,600 டொலர் என்றால் 33 டொலர் 60 சதம். கேட்காதவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை.

அந்த வீதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய கட்டடங்களுக்கு உயர்வு உச்சவரம்பு கிடையாது. 90 நாள் எழுத்தில் அறிவித்தல், 12 மாதத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு விதி மட்டும்தான். புதிய கொண்டோவின் பளபளப்பில் விழ முன் கட்டடம் எந்த வருடம் என்று கேளுங்கள். பழைய வீட்டில் அந்தத் திகதிக்குப் பிறகு புதிதாக அமைத்த பேஸ்மென்டும் இந்த விலக்குக்குள் வரலாம். ஓடுகள் புதிதாக இருந்தால் எப்போது கட்டியது என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மழை பெய்த மறுநாள் போவது நல்லது. சுவரின் அடிப்பகுதியில் மஞ்சள் கறை, சீமெந்தில் வெள்ளை உப்புப் பூத்த தடம், கார்பெட் மூலையைக் கிளப்பினால் வரும் ஈர மணம், இவை எல்லாம் தண்ணீர் ஏறியதன் அடையாளம். ரொறன்ரோவில் 2013 யூலையிலும் 2024 யூலையிலும் ஒரே நாளில் கொட்டிய மழைக்குப் பல பேஸ்மென்ட்கள் நிறைந்தன. நிலத்தில் உள்ள வடிகாலால் கழிவுநீர் மேலேறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகைக்காரர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது கழிவுநீர் ஏறும் சேதத்துக்கான பிரிவை தனியாகச் சேர்க்கவேண்டும். சாதாரணப் பொதியில் பெரும்பாலும் அது வராது.

படுக்கையறை ஜன்னலை அளந்து பாருங்கள். தீப்பிடித்தால் ஆள் வெளியேறும் அளவு திறக்கவேண்டும். எந்தப் பக்கமாவது 38 சென்ரிமீட்டருக்குக் குறைந்தால் அதில் புகமுடியாது. புகை, கார்பன் மொனொக்சைட் அலாரங்களின் பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள். தெர்மோஸ்டாட் எங்கே என்று பாருங்கள், அநேகமாக மேல்மாடியில்தான் இருக்கும். குளிர்காலத்தில் வெப்பம் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது ரொறன்ரோ நகர விதி. குறைந்தால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைக்கலாம். அடுப்புக்கு மேலே உள்ள காற்றுறிஞ்சி வெளியே குழாயால் போகிறதா, இல்லை வடிகட்டியோடு திரும்ப அறைக்குள் ஊதுகிறதா என்று தட்டைத் திறந்து பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் நீங்கள் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பக்காற்று வழியால் மேல்வீட்டு அலுமாரி வரை மணக்கும். சண்டை அங்கேதான் தொடங்கும்.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விட்டிருக்கும் வீடாக இருந்தால், 2024 மார்ச் 31 முதல் ரொறன்ரோ முழுவதும் அதற்கு உரிமம் வேண்டும். கதவு கதவாகப் பூட்டுப் போட்ட வீட்டில் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

லீஸ் 2018 ஏப்ரல் 30 முதல் ஒரே அரசாங்கப் படிவத்தில்தான் எழுதவேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் வராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கலாம். அதன் பின்னும் 30 நாளுக்குள் தராவிட்டால் அந்தக் காசு உங்களுடையது. ஊரில் 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் எழும்பவேண்டி வருவதுபோல் இங்கே இல்லை. ஒரு வருடம் முடிந்தால் லீஸ் மாதாந்த வாடகையாகத் தானே தொடரும். நீங்களாக எழும்புவதென்றால் என்-9 படிவத்தில் 60 நாள் முன்பே அறிவிக்கவேண்டும், கடைசித் திகதி மாத முடிவில் விழவேண்டும். செப்ரெம்பர் 30 எழும்ப விரும்பினால் ஓகஸ்ட் 1க்குள் சொந்தக்காரர் கையில் கிடைக்கவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஒக்ரோபர் வாடகை உங்கள் தலையில்.