கேபிள் செருகியிருந்தும் மொபைல் டேட்டா காலி: பவர்ஷெல்லில் இரண்டு வரித் தீர்வு

லேப்டாப்பில் பிராட்பேண்ட் கேபிள் செருகியிருந்தது. வைஃபையில் கைபேசி ஹாட்ஸ்பாட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா மொத்தமும் தீர்ந்துவிட்டது.

எந்த இணைப்பு முந்த வேண்டும் என்பதை மெட்ரிக் என்ற எண்ணை வைத்து விண்டோஸ் முடிவு செய்கிறது. எண் குறைந்தால் முன்னுரிமை கூடும். விண்டோஸ் 10, 11 இரண்டும் இணைப்பின் வேகத்தைப் பார்த்து இதைத் தாமாகவே போடும். 1 ஜிகாபிட் கேபிளுக்கு 25, 866 மெகாபிட் வைஃபைக்கு 30, 100 மெகாபிட் கேபிளுக்கு 35. என் கேபிள் முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் வேகம் 100க்கு இறங்கியிருந்தது. அவ்வளவுதான், வைஃபை முந்திவிட்டது.

விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் கருவியான பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். (கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கெட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ்

வரும் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே நகலெடுங்கள். நான் ஒரு மணி நேரம் தொலைத்தது இங்கேதான். யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகியதில் பெயர் "வை-ஃபை 2" ஆகியிருந்தது. நானோ "வை-ஃபை" என்றே தட்டிக்கொண்டிருந்தேன்.

செட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ் -இன்டர்ஃபேஸ்ஏலியஸ் "ஈதர்நெட்" -இன்டர்ஃபேஸ்மெட்ரிக் 10

செட்-நெட்ஐபிஇன்டர்ஃபேஸ் -இன்டர்ஃபேஸ்ஏலியஸ் "வை-ஃபை 2" -இன்டர்ஃபேஸ்மெட்ரிக் 50

ரீஸ்டார்ட் செய்தாலும் இது நிலைக்கும். ஆனாலும் இந்த இரண்டு வரிகளை நோட்பேடில் பிஎஸ்1 கோப்பாக (பவர்ஷெல் ஸ்கிரிப்ட்) சேமித்து வையுங்கள். எண்களை மாற்றிப்போட்டு இன்னொன்றும் வைத்துக்கொண்டால், பிராட்பேண்ட் படுத்துவிடும் நாளில் உதவும். ஸ்கிரிப்ட் ஓட மறுத்தால் செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்ட் என்று ஒருமுறை கொடுங்கள்.

அடாப்டர் பிராப்பர்ட்டீஸ் வழியாகவும் மாற்றலாம். எனக்கு அது பிடிக்காது: ஜன்னலுக்குள் ஜன்னல், இணைய முகவரி முறைகளான ஐபிவி4க்கு ஒருமுறை, ஐபிவி6க்கு இன்னொருமுறை. மேலே உள்ள கட்டளை இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடும். இதற்கென்று தனி மென்பொருள் தேடுவது வீண் வேலை.

பழையபடி விண்டோஸ் பொறுப்பில் விட, மெட்ரிக் பகுதியை எடுத்துவிட்டு -ஆட்டோமேட்டிக்மெட்ரிக் எனேபிள்ட் என்று போடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் யூடியூப் மட்டும் ஹாட்ஸ்பாட்டிலேயே போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தால், அவர் பிராட்பேண்டில் ஐபிவி6 கிடையாது, கைபேசியில் உண்டு; யூடியூப் அந்த வழியில் போயிருக்கிறது. ஐபிவி6க்குப் போட்டியே இல்லாதபோது மெட்ரிக் என்ன செய்யும்? வைஃபையில் ஐபிவி6ஐ அணைத்ததும் சரியானது (பெயர் உங்கள் பட்டியலில் உள்ளபடி):

டிசேபிள்-நெட்அடாப்டர்பைண்டிங் -நேம் "வை-ஃபை" -காம்பொனென்ட்ஐடி எம்எஸ்_டிசிபிஐபி6

திரும்ப வேண்டுமென்றால் டிசேபிள் இருக்கும் இடத்தில் எனேபிள். கேபிள் முனையையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்; நான் மாற்றிவிட்டு மெட்ரிக்கை விண்டோஸ் பொறுப்பில் விட்டதும் தானாகவே 25 வந்தது.