கான்ட்ராக்ட் ஆஃபர் வந்த பிறகும் இன்டர்வியூ போகலாமா?

போகலாம். கையெழுத்துப் போட்ட பிறகும்கூட, வேலையில் சேரும் நாள்வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டியதில்லை. ஆனால் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதில் கணக்கு வேண்டும்.

ஏஜென்சி வழியாக வரும் கான்ட்ராக்டில் நீங்கள், ஏஜென்சி, கிளையன்ட் (நீங்கள் போய் வேலை செய்யும் நிறுவனம்) என்று மூன்று பேர். கிளையன்ட் பக்கத்து மேனேஜர் 'ஓகே' சொன்ன பிறகும் நிதிப் பிரிவு ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர் (கிளையன்ட் ஏஜென்சிக்கு எழுத்தில் தரும் ஆர்டர்), பின்னணிச் சரிபார்ப்பு என்று வரிசையாக வேலை கிடக்கும். ஒன்று நின்றாலும் சேரும் தேதி தள்ளிப்போகும். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு வந்தால், இன்னும் சேராத கான்ட்ராக்ட் ஆளை விடுவதுதான் அவர்களுக்கு எளிது. கடிதத்தில் 'கிளையன்ட் ஒப்புதலுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாதி ஆஃபர்தான்.

ஆகவே ஏஜென்சியின் ரிக்ரூட்டரிடம் நேராகக் கேளுங்கள்: "பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்துவிட்டதா?" "வந்துவிடும்" என்பதும் "வந்துவிட்டது" என்பதும் வேறு வேறு பதில். இப்போது வேறு வேலையில் இருப்பவர் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சேரும் தேதி, சரிபார்ப்பு முடிந்ததற்கான மெயில் மூன்றும் கையில் வரும்வரை ராஜினாமா கொடுக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். முதலாவது நோட்டீஸ். அவர்கள் உடனே நிறுத்தலாம், நீங்கள் மட்டும் 30 நாள் சொல்ல வேண்டும் என்று ஒருதலையாக இருக்கக்கூடும். இரு பக்கமும் ஒரே அளவு கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. இரண்டாவது, கையெழுத்திட்டுவிட்டுச் சேராமல் போனால் அபராதம் உண்டா. உண்டென்றால் மற்ற இன்டர்வியூ எல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். மூன்றாவது, பணம் எப்போது வரும். 'கிளையன்ட் கொடுத்த பிறகே' என்றிருந்தால், கிளையன்ட் இழுத்தடிக்கும்போது பட்டினி உங்களுக்குத்தான். நான்காவது, பர்மனன்ட் ஆக்குவது பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா. வாய்ப்பேச்சை மதிப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது ரேட். மணிக்கு இவ்வளவு என்றதும் பர்மனன்ட் சம்பளத்தோடு அப்படியே ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் 2,080 மணி. அதில் விடுமுறை, லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்து 30 நாள் சம்பளமில்லாமல் போனால் 240 மணி குறையும், மிச்சம் 1,840. கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்க ஆறு வாரம் ஆனால் இன்னொரு 240 மணி. ஆக, காசு வருவது 1,600 மணிக்குத்தான். ஆண்டு வருமானம் சமமாக வரவே ரேட் 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கில் இடிக்கிற ஆஃபர் என்றால் தேடலைத் தொடருங்கள்.

எந்த இன்டர்வியூவைத் தொடர்வது? கடைசி ரவுண்டில் இருப்பவை, பர்மனன்ட் வேலைகள், இதைவிட நீண்ட கான்ட்ராக்ட். முதல் போன் அழைப்பே வராதவற்றை விட்டுவிடலாம். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: அதே கிளையன்டுக்கு இன்னொரு ஏஜென்சி உங்கள் பெயரை அனுப்ப விடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு ஏஜென்சி வழியாக வந்தால், யாருக்குக் கமிஷன் என்ற சண்டை வேண்டாமென்று உங்களையே கழித்துவிட வாய்ப்புண்டு.

தொடரும் இடங்களுக்கு ஆஃபர் வந்த அன்றே எழுதுங்கள். இவ்வளவு போதும்: "எனக்கு ஒரு கான்ட்ராக்ட் ஆஃபர் வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலையில்தான் எனக்கு அதிக விருப்பம். அதற்குள் அடுத்த ரவுண்டை வைக்க முடியுமா?" நிறுவனத்தின் பெயரும் ரேட்டும் அதில் வேண்டாம். ஆஃபர் தந்தவரிடம் இரண்டு மூன்று வேலை நாள் அவகாசம் கேட்பது சகஜம். ஒரு வாரம் கேட்டால் சிக்கல். கான்ட்ராக்டுக்கு ஆள் தேடுபவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், பட்டியலில் இரண்டாவது ஆளும் தயாராக இருப்பார்.

கையெழுத்துக்குப் பிறகு நல்ல வேலை வந்துவிட்டால், முடிவெடுத்த அன்றே ரிக்ரூட்டருக்குப் போன் செய்துவிட்டு மெயிலும் போடுங்கள். அந்த ஏஜென்சி கோபப்படும், கொஞ்ச நாள் கூப்பிடாது. அதுதான் விலை. சேரும் நாளன்று போனை எடுக்காமல் இருந்துவிட்டால் பெயர் நிரந்தரமாகக் கெடும். ஏற்கெனவே சேர்ந்து, கான்ட்ராக்டில் ஒரு மாதம்தான் பாக்கி என்றால் புதிய இடத்தில் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். பர்மனன்ட் வேலைக்கு எடுப்பவர்கள் மூன்று நான்கு வாரம் பொறுப்பது உண்டு.

சேர்ந்ததும் தேடலை நிறுத்தி வேலையைப் பாருங்கள். முடிவுத் தேதிக்கு எட்டுப் பத்து வாரம் முன்பு மறுபடி தொடங்கினால் சரியாக இருக்கும். 'நிச்சயம் நீட்டிப்பார்கள்' என்று மேனேஜர் சொன்னாலும், நீட்டிப்புக் கடிதம் வரும்வரை இன்டர்வியூவை விடாதீர்கள். இன்டர்வியூவுக்குப் போன நேரத்தை மட்டும் டைம்ஷீட்டில் (வேலை செய்த மணிக்கணக்கில்) வேலை நேரமாக எழுதிவிடாதீர்கள். கிளையன்டுக்குத் தெரிந்தால் கான்ட்ராக்ட் அன்றைக்கே முடிந்துவிடும்.