கருப்பைப் புற்றுநோயும் மைக்ரோ ஆர்என்ஏவும்: ஆய்வு முடிவை எப்படிப் படிப்பது?

"ஒரு துளி ரத்தத்தில் கருப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம்" என்ற மாதிரிச் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. மூலக் கட்டுரையைத் திறந்தால் ஏதோ ஒரு மைக்ரோ ஆர்என்ஏவின் பெயரும், அது நோயாளிகளிடம் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்ற வரியும் இருக்கும். அந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

அதற்கு முன்னால் ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்ததால் தேடிக்கொண்டு இங்கே வந்திருந்தால், இதை மூடிவிட்டு மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன், அப்புறம் தேவைப்பட்டால் கருப்பையின் உள்படலத்திலிருந்து சிறு திசு எடுத்து பயாப்சி. நோயை உறுதி செய்வது இன்றும் பயாப்சிதான்.

சரி, அடிப்படை. மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ. 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. இது புரதம் எதையும் உண்டாக்காது. வேறு மரபணுவின் தூது ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமந்து செல்லும் நகலில்) ஒட்டிக்கொண்டு அதன் புரத உற்பத்தியைக் குறைக்கும். ஒட்டுவதற்கு முக்கியமானவை அதன் 2ஆவது முதல் 8ஆவது வரையிலான எழுத்துகள். இவ்வளவு சின்னப் பகுதி எங்கும் பொருந்திவிடும் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் இருக்கலாம். ஆகவே "மிர்-21 பிடென் மரபணுவை அடக்குகிறது" என்று படித்தால் (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏவின் சுருக்கம், பிடென் என்பது கட்டி வளராமல் தடுக்கும் மரபணு), அது கணினிக் கணிப்பா, ஒட்டும் இடத்தை மாற்றிப் பார்த்த சோதனையா, புரதத்தின் அளவு உண்மையில் குறைந்ததா என்று தேடுங்கள். உள்படலப் புற்றுநோயில் (இங்கே கருப்பைப் புற்றுநோய் என்று சொல்வது இதைத்தான்), அதுவும் அதிகம் காணப்படும் எண்டோமெட்ரியாய்டு வகையில், பிடென் மரபணுவே பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும். அப்படிப்பட்ட கட்டியில் அதை அடக்க மைக்ரோ ஆர்என்ஏ எதற்கு என்ற கேள்விக்கும் கட்டுரையில் பதில் இருக்க வேண்டும்.

அடுத்து நான் முதலில் தேடுவது: எதோடு ஒப்பிட்டார்கள்? பாதிக் கட்டுரைகள் இங்கேதான் ஆட்டம் காண்கின்றன. மிர்-200 குடும்பத்தையே பாருங்கள். 200ஏ, 200பி, 200சி, 141, 429 என்று ஐந்து பேர். உள்படலப் புற்றுநோயில் இவை கூடுகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இவை ஜெப்1, ஜெப்2 என்ற புரதங்களை அடக்கி, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி எபிதீலியத் தன்மையோடு, அதாவது சுரப்பிகளையும் உறுப்புகளின் மேற்பரப்பையும் மூடும் செல்களைப் போல, இருக்க உதவுபவை. அதாவது எபிதீலிய செல் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே இவையும் நிறைய இருக்கும். சாதாரண உள்படலத்தில் சுரப்பிகளைச் சுற்றி அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ட்ரோமா செல்கள் கணிசமாக இருக்கும். கட்டியிலோ சுரப்பி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் அப்படியே அரைத்து அளந்தால், ஒரு செல்லுக்குள் எந்த மாற்றமும் இல்லாமலேயே மிர்-200 "கூடியதாக" வந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் (உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) திட்டுகளில் அதே குடும்பம் குறைவு என்று வருவதையும் இந்தச் சந்தேகத்தோடேயே படிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஸ்ட்ரோமாவும் நாரும் அதிகம். சுரப்பி செல்களை மட்டும் பிரித்தெடுத்து அளந்தார்களா, ஒப்பீட்டுத் திசு மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்பதெல்லாம் செய்முறைப் பகுதியில் இருக்கும். இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்.

ஃபைப்ராய்டில், அதாவது புற்றுநோயல்லாத கருப்பைத் தசைக் கட்டியில், கதை கொஞ்சம் தெளிவு. லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைய, அது அடக்கி வைத்திருந்த எச்எம்ஜிஏ2 என்ற புரதம் ஏறுகிறது, பெரிய கட்டிகளில் குறிப்பாக.

ரத்த மாதிரி என்றால் இன்னொரு வம்பு. ஊசியால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலும் அவற்றில் கொட்டிக் கிடக்கும் மிர்-451ஏ, மிர்-16 எல்லாம் சீரத்துக்குள் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த திரவத்துக்குள்) வந்துவிடும். அதனால் மிர்-23ஏவின் பிசிஆர் சுற்று எண்ணிலிருந்து (பிசிஆர் கருவி நகலெடுத்துப் பெருக்கி அது தெரியவர எத்தனை சுற்று ஆனது என்ற எண்; அளவு அதிகமானால் எண் குறையும்) மிர்-451ஏவின் எண்ணைக் கழித்துப் பார்ப்பார்கள். 5க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு சுற்று என்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு, மூன்று சுற்று எட்டு மடங்கு. இதைச் சோதிக்காமல் மற்றவற்றை ஒப்பிட மிர்-16ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு முடிவு சொல்லும் கட்டுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, யார் யாரைப் பிரித்தறிந்தார்கள்? அறுபது வயது நோயாளிகளையும் ஆரோக்கியமான இளம் பெண்களையும் பிரித்துக் காட்டுவது சுலபம். மருத்துவமனைக்கு வருபவர்களோ மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கோடு வருபவர்கள். அவர்களில் 100க்கு சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், மற்றவர்களுக்கு பாலிப், உள்படலம் மெலிவது போன்ற காரணங்கள். ஒப்பீட்டுக் குழு அவர்களாக இருக்க வேண்டும். அப்படி 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம், 90 பேருக்கு நோய். சோதனை 90 சதவீத நோயாளிகளைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விடுவிக்கிறது என்றால், 81 பேர் பிடிபடுவார்கள், 9 பேர் தப்பிவிடுவார்கள், 182 பேர் வீணாகப் பயப்படுவார்கள். இந்தக் கணக்கை நீங்களே போட முடிகிற அளவுக்கு எண்கள் கட்டுரையில் இருக்கின்றனவா, வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடமும் அதே வெட்டுப்புள்ளியை (நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் அளவை) மாற்றாமல் வைத்துச் சோதித்தார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் செய்தியைப் பகிருங்கள்.