யூஎஸ்பி-6009, பைத்தான், மாமா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டில் லோட் ஷெட்டிங்குக்காக (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) வாங்கிய இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. "கரண்ட் போய் ஒரு மணி நேரத்துலயே டிவி அணைஞ்சிடுதுப்பா, பேட்டரி செத்துப்போச்சா பாரு" என்றார். என்னிடம் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பழைய யூஎஸ்பி-6009 பெட்டி (வோல்டேஜை அளந்து கணினிக்கு அனுப்புவது) சும்மா கிடந்தது. பேட்டரி வோல்டேஜை அதில் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் டிரைவர். பைத்தானின் பிப் மூலம் இந்தப் பெட்டிக்கான என்ஐடாக்எம்எக்ஸ் லைப்ரரியைப் போட்டால் பைத்தான் பக்கம் மட்டும்தான் வரும். டாக்எம்எக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். பிறகு அந்த நிறுவனத்தின் அமைப்பு மென்பொருளான என்ஐ மேக்ஸைத் திறந்து பெட்டியின் பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் டெவ்1. பெயரைத் தப்பாகக் கொடுத்தால் -200220 என்ற பிழை வரும். அங்கேயே டெஸ்ட் பேனலும் இருக்கிறது. பைத்தான் கோடு (நிரல்) எழுதும் முன் அதில் ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம்.

அப்புறம் கோடு. டாஸ்க் (ஒரு அளவீட்டு வேலை) ஒன்றைத் திறந்து, அதில் டெவ்1-இன் முதல் உள்ளீடான ஏஐ0-வை வோல்டேஜ் சானலாகச் சேர்த்து, ரீட் கொடுத்தால் எண் வந்துவிடும். டாஸ்க்கை, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் பைத்தானின் 'வித்' போட்டே திறங்கள். ஜூபிட்டர் நோட்புக்கில் பாதியில் நின்றுபோன டாஸ்க் சானலைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில் -50103 என்று கத்தும்.

நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்த இடம் இனிமேல்தான். சோதனைக்குப் புது பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸை இரண்டாம் திருகிலும் (ஏஐ0) மைனஸை முதல் திருகிலும் (ஜிஎன்டி, அதாவது கிரவுண்ட்) மாட்டினேன். வந்தது 0.2 வோல்ட்! பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், டிரைவரையும் அழித்துப் போட்டேன். அதே 0.2.

விஷயம் இதுதான்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்தப் பெட்டி டிஃபரன்ஷியல் முறையில் அளக்கும். அதாவது ஏஐ0-க்கும் மூன்றாம் திருகில் உள்ள ஏஐ4-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் காட்டும். எதுவும் மாட்டாத திருகு இந்தப் பெட்டியில் சுமார் 1.4 வோல்ட்டில் நிற்கும். புது பேட்டரியின் 1.6-இல் 1.4 போனால் 0.2. சானல் சேர்க்கும்போது டெர்மினல் கான்ஃபிக் என்ற இடத்தில் ஆர்எஸ்இ (ஜிஎன்டி-யை அடிப்படையாக வைத்து அளக்கும் முறை) என்று கொடுத்தேன். 1.6 வந்தது.

அடுத்தது மாமாவின் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி அது, சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். ஆர்எஸ்இ-யில் எல்லை 10 வோல்ட். நேராக மாட்டாதீர்கள். ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டர்களைத் பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே தொடராக வைத்து, பாதி வோல்டேஜ் இருக்கும் நடுவிலிருந்து எடுத்து, கோடில் 2-ஆல் பெருக்குங்கள். பேட்டரியின் பிளஸ் பக்கம் சின்ன ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், மல்டிமீட்டர் 12.6 காட்டும்போது கோடு 12.3 காட்டுகிறது என்று எழுதியிருந்தார். அவர் போட்டது 10 கிலோ ஓம் ஜோடி. தவறு என்னுடையது, மதிப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெட்டியின் உள்ளீட்டுத் தடை வெறும் 144 கிலோ ஓம்தான். அதனால் அது கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்து அளவைக் கெடுக்கிறது. 1 கிலோ ஓம் ஜோடி போடுங்கள், கால் வாட் போதும். மாற்றிப் போட்டதும் அவருக்கு 12.57 வந்துவிட்டது.