விமான அருங்காட்சியகத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது

விமான அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் செய்வது இதுதான்: விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுப்பது, பலகையில் உச்ச வேகம் எவ்வளவு என்று படிப்பது, அடுத்த விமானத்துக்கு நகர்வது. இப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முழு ஹேங்கரையும் முடித்துவிடலாம், ஆனால் சாயங்காலம் யோசித்தால் எது எதுவென்றே ஞாபகம் இருக்காது. அதனால் ஐந்தாறு விமானங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். விமானிகள் கிளம்புவதற்கு முன்னால் விமானத்தை ஒரு முழுச் சுற்று நடந்து சோதிப்பார்கள் இல்லையா, ‘வாக் அரவுண்ட்’ என்பார்கள், அதே மாதிரி ஒவ்வொன்றையும் சுற்றி வாருங்கள்.

எந்த ஐந்தாறு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். காட்சியில் உள்ள விமானங்களின் பட்டியல் பெரும்பாலும் இணையதளத்தில் இருக்கும், எந்த அரங்கு மூடியிருக்கிறது, காக்பிட்டுக்குள் உட்கார விடும் நாள் ஏதும் உண்டா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இடத்தையும் சரிபாருங்கள். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்கு இரண்டு கட்டடங்கள்; ரைட் சகோதரர்களின் 1903 விமானம் நகருக்குள் இருக்கும் கட்டடத்தைச் சேர்ந்தது, டிஸ்கவரி விண்கலமும் எஸ்ஆர்-71 உளவு விமானமும் இருப்பது வாஷிங்டனுக்கு வெளியே டல்லஸ் (Dulles) விமான நிலையத்தின் பக்கத்தில் உள்ள மற்றொன்றில். தெரியாமல் போனால் பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். அப்புறம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஹேங்கர் தரை எல்லாம் கான்கிரீட்.

சரி, சுற்று. மூக்கிலிருந்து தொடங்குங்கள். மிக்-21 போர் விமானம் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள், பதினோராயிரத்துக்கும் மேல் தயாரித்த விமானம் என்பதால் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் மூக்கில் காற்று நுழையும் வட்டத்தின் நடுவே ஒரு கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். அழகுக்கு வைத்ததில்லை. ஒலியை விட வேகமாக வரும் காற்றை ஜெட் எஞ்சினின் கம்ப்ரெஸர், அதாவது காற்றை அழுத்தும் பகுதி, அப்படியே வாங்கிக்கொள்ளாது. கூம்பில் மோதி அதிர்வலை உண்டாகி, காற்றின் வேகம் ஒலியை விடக் குறைந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். வேகத்துக்கு ஏற்றபடி அந்தக் கூம்பு முன்னும் பின்னும் நகரும். பெரும்பாலான வகைகளில் ரேடாரும் அதற்குள்தான். பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய் பிட்டோ, எதிர்க்காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்வது. அதோடு சேர்ந்து வேலை செய்யும் சின்னஞ்சிறு துளைகள் எங்கே என்று தேடுங்கள், பல விமானங்களில் அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, சுத்தமாக வைக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள்.

அப்படியே இறக்கைக்கு வாருங்கள், தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட் வரிசைக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். தலை புடைத்துக்கொண்டிருந்தால் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாத விமானம், தகட்டோடு தகடாக மழுங்கியிருந்தால் காற்றின் இழுவையைக் குறைக்க மெனக்கெட்டிருக்கிறார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடுதான் எய்லெரான்; ரைட் விமானத்தில் அதுவே கிடையாது, கம்பியை இழுத்து இறக்கையின் முனையையே முறுக்கித்தான் சாய்த்தார்கள். அதன் முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. ஜம்போ 747 விமானத்தின் இறக்கை அகலமே அதைவிட அதிகம். இறக்கைக்கு மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையை அடைய வேண்டும், அதனால்தான் விமானம் தூக்கப்படுகிறது என்று எங்காவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அப்படி ஒரு கட்டாயம் காற்றுக்குக் கிடையாது.

வயிற்றுப் பக்கம் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு, எனக்குப் பிடித்த இடமே அதுதான். சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியில் ஹைட்ராலிக் குழாய்களும் வயர்க் கட்டுகளும் எப்படி நெருக்கியடித்துப் போகின்றன என்று பாருங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய விமானம் என்றால் சக்கரக் கால் தடிமனாக இருக்கும், இறக்கை பெரும்பாலும் மடங்கும், வாலுக்கடியில் ஒரு கொக்கி தொங்கும்.

எஞ்சினை வெட்டித் திறந்து வைத்திருந்தால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். ஜெட் எஞ்சினில் முன்னாலிருந்து பின்னால் போகப் போகக் கம்ப்ரெஸர் தகடுகள் சிறுத்துக்கொண்டே போகும், ஏனென்றால் காற்று அழுந்த அழுந்த இடம் குறைவாகத்தான் வேண்டும். புரொபெல்லர் காலத்து ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்பது) என்றால் ஒரு வரிசையில் எத்தனை சிலிண்டர் என்று எண்ணுங்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக வரும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒன்றை விட்டு ஒன்றாக வெடிக்க வேண்டும், ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரண்டு சுற்றில் எல்லா சிலிண்டரும் சீராக முறை முடிக்கும். முதல் உலகப் போர்க் காலத்து ரோட்டரி எஞ்சின் இதைவிட விநோதம்: புரொபெல்லரோடு சேர்ந்து மொத்த சிலிண்டர்களும் சுழலும், ஊற்றிய விளக்கெண்ணெய் புகையோடு வெளியே தெறிக்கும்.

பயணிகள் விமானத்தில் ஜன்னலின் மூலைகளையும் அளவையும் பாருங்கள். 1954ல் இரண்டு காமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் வானத்திலேயே உடைந்தன. உள்ளழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதில் உலோகம் தளர்ந்து, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைப் பகுதியில் விரிசல் விட்டிருந்தது. கான்கார்டு ஜன்னல் அநியாயத்துக்குச் சின்னது. 60,000 அடி உயரத்தில் ஒரு ஜன்னல் போனாலும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று காலியாகிவிடக் கூடாது.

விண்வெளிப் பிரிவில் முதல் கேள்வி, இது உண்மையிலேயே போய் வந்ததா, மாதிரியா? பலகையில் போட்டிருப்பார்கள். போய் வந்த கலம் என்றால் அடிப்பாகத்துக்குப் போங்கள், வெப்பக் கவசம் கருகி அரித்துப்போயிருப்பது தெரியும். டிஸ்கவரி போன்ற ஷட்டிலின் வெப்பக் கவச ஓடுகளைக் கிட்டே பார்க்க முடிந்தால் ஒவ்வொன்றிலும் தனி எண் அச்சடித்திருக்கும். படுக்க வைத்திருக்கும் சாட்டர்ன் 5 நிலவு ராக்கெட்டுக்கு 110 மீட்டர் நடக்க வேண்டும், ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

படத்துக்கு: முழு விமானத்தையும் ஃபிரேமுக்குள் அடக்கப் பார்த்தால் பக்கத்து விமானத்தின் வாலும் வந்து விழும். விவரங்களை எடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதற்கு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, கையால் மறைத்துக்கொண்டால் பளபளப்பு வராது. குழந்தைகள் வந்தால் சிமுலேட்டர் வரிசையில் காலையிலேயே போய் நின்றுவிடுங்கள், மதியத்துக்கு மேல் கஷ்டம்.

அங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்களில் ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளும் விமானிகளும் உண்டு. அவர்களிடம் வேகம், உயரம் எல்லாம் கேட்காதீர்கள், அது பலகையிலேயே இருக்கிறது. “இதில் எந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டுவது பெரிய தொல்லை?” என்று கேளுங்கள், பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொரு விமானத்தின் வாலிலோ உடலிலோ இருக்கும் பதிவு எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தேடினால், அந்த விமானம் எங்கே பறந்தது, யாரிடம் இருந்தது, எப்போது ஓய்வு பெற்றது என்று பல நேரம் முழு வரலாறும் கிடைத்துவிடும்.